போகித் தீயும் டயர்ப் புகையும்

(நமது சங்கத்தின் மார்கழித் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

நீதி நூல்களைப் பற்றியும் நம் முன்னோர் செய்த அறங்களைப் பற்றியும் இம்மன்றத்தில் பேசி வரும் எம்மை நோக்கி, நம் செயலாளர் அவர்கள், "இத்திங்கள் எதனைப் பற்றிப் பேசுவதாக எண்ணம்?" என்று வினவினார். "டயரைப் பற்றி" என்று விடை பகர்ந்தோம். அவர் வாய்விட்டுச் சிரித்தார். தமிழ் படித்தவனுக்கும் டயருக்கும் என்ன உறவு என்று நீங்களும் எண்ணக்கூடும். டயர் என்னும் சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் தேடி உங்கள் பொழுதைக் கழிக்க யாம் எண்ணவில்லை. பஞ்சர் கடையில் வழங்கும் பெயரே நமக்குப் போதும். இன்னும் சில நாட்களில் போகி வருகின்றது. அன்று விடியற்காலையில் நம் தெருக்களில் என்ன எரியப்போகின்றது, அது யார் கையிலிருந்து வரப்போகின்றது என்பதை நாம் முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதற்காகவே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

மார்கழியின் கடைசி நாளாகிய போகியன்று வீட்டைத் துப்புரவு செய்து, வெள்ளையடித்து, பயன்பாடு தீர்ந்த பொருள்களை வாசலில் இட்டுக் கொளுத்துதல் நம் பக்கத்து வழக்கம். நம் பாட்டனார் காலத்தில் அத்தீயில் விழுந்தவை யாவை? கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், உடைந்த முறம், நைந்த பனையோலைப் பெட்டி, கூரையினின்று கழித்த பழைய ஓலை, சிறிது வைக்கோல். இவை யாவும் நிலத்தில் முளைத்தவை; ஒரு நாழிகையில் எரிந்து ஒரு கூடைச் சாம்பலாய் அடங்கியவை. அவற்றுக்கும் புகை உண்டு. விறகுப்புகை உடலுக்கு நன்மை செய்யும் என்று யாம் கூறோம். ஆயினும் அப்புகை ஒரு வகை. இன்று எழும் புகை முற்றிலும் வேறொரு வகை.

பழைய பொருளை எரித்தற்கு நன்னூலையே சான்றாகக் காட்டுவோரும் உளர். பவணந்தி முனிவர் சொல்லதிகாரத்தின் இறுதியில் அமைத்த அந்நூற்பா, காலப்போக்கில் மொழியில் நேரும் மாற்றங்களைக் குற்றமாகக் கொள்ளலாகாது என்று இலக்கணம் வகுப்பது. போகிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அன்றியும், அவர் ஆண்ட சொல் 'கழிதல்' என்பதே. கழித்தல் வேறு, எரித்தல் வேறு. ஒரு பொருளைக் கழிக்க நூறு வழிகள் உள. எரித்தல் அவற்றுள் ஒன்று மட்டுமே. டயரைப் பொறுத்தவரையில் அதுவே எல்லாவற்றினும் தீய வழி.

அஃது ஏன் என்பதைச் சிறிது விரித்துக் கூறுவோம். 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் என்பார் ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது வெயிலில் உருகாமலும் குளிரில் உடையாமலும் உறுதி பெறும் என்று கண்டார். பின்னர் 1888-இல் ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடும்பொருட்டுத் தாம் அமைத்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு குழந்தையின் சுகத்தைக் கருதி ஒரு தந்தை செய்த பொருள் அது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். இன்றைய டயரில் மரத்துப்பாலிலிருந்து வரும் ரப்பர் ஒரு பகுதியே. பெட்ரோலியத்திலிருந்து செய்த ரப்பரும், எண்ணெயும், கந்தகமும், துத்தநாக ஆக்ஸைடும், எஃகுக் கம்பியும் அதனுட் கலந்துள்ளன. கறுப்பு நிறம் தரும் நுண்கரி மட்டும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இருக்கும்.

இப்பொருள் பல்லாயிரங் கல் தொலைவு தேயாமல் ஓட வேண்டும் என்று செய்யப்பட்டது. ஆகவே எளிதில் தீப்பிடிக்காது. பிடித்தபின் எளிதில் அணையாது. எடைக்கு எடை நிலக்கரிக்குக் குறையாத வெப்பம் அதனுள் அடங்கியுள்ளது. கனடா நாட்டில் ஹேகர்ஸ்வில் என்னும் ஊரில் 1990-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பழைய டயர்க் கிடங்கு ஒன்று பற்றிக்கொண்டது. அங்கே குவிந்திருந்தவை ஒரு கோடிக்கு மேற்பட்ட டயர்கள். தீயை அடக்கப் பதினேழு நாட்கள் ஆயின. வேல்ஸ் நாட்டில் ஹேயோப் என்னும் இடத்திலே 1989-இல் தீப்பற்றிய டயர்க் குவியலோ பத்தாண்டுகளுக்கு மேலும் உள்ளே கனன்றுகொண்டிருந்தது. கருவிகளும் தீயணைப்புப் படையும் நிறைந்த நாடுகளின் நிலையே இதுவாயின், தெருமுனையில் ஒரு குடம் நீரோடு நிற்கும் நாம் என் செய்ய வல்லோம்?

சிமெண்டுச் சூளையில் 1,400 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், போதிய காற்றோட்டத்துடன், புகையை வடிகட்டும் கருவிகளும் கொண்டு டயரை எரிப்பது ஒன்று. தெருவில் எரிப்பது மற்றொன்று. தெருத்தீயில் வெப்பமும் போதாது, காற்றும் போதாது. டயர் பாதி வெந்தும் பாதி வேகாமலும் கரியையும் நஞ்சையும் கக்குகின்றது. அப்புகையில் கார்பன் மோனாக்ஸைடு உண்டு; கந்தகம் எரிந்த வாயு உண்டு; பென்சீன், பியூட்டாடையீன், பென்சோபைரீன் என்னும் பொருள்களும் உண்டு. இறுதியிற் கூறிய மூன்றும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை முதல் வகுப்பில் வைத்துள்ளது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997-இல் வெளியிட்ட அறிக்கையொன்று, திறந்த வெளியில் எரியும் டயரின் புகை, உயிரணுக்களின் மரபுக்கூறுகளைக் கெடுக்கும் ஆற்றலில், வீட்டுக் கணப்பில் எரியும் விறகின் புகையைப் போலப் பதினாறு மடங்கு கொடியது என்று கணித்தது. பாட்டனார் எரித்தார், நாமும் எரிக்கிறோம் என்பார்க்கு இந்தப் பதினாறு என்னும் எண்ணே விடையாகும்.

கண்ணுக்குத் தெரியும் கரும்புகையைக் காட்டிலும் தெரியாத நுண்துகளே பெருங்கேடு செய்வது. தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்களவே உள்ள துகள்கள் மூக்கின் மயிராலும் தொண்டையின் கோழையாலும் தடுக்கப்படாமல் நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை சென்று தங்குகின்றன. ஒரு நாளில் ஒரு கனமீட்டர் காற்றில் இத்துகள் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது நம் அரசு 2009-இல் வகுத்த வரம்பு. 15 போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் கூறிய அறிவுரை.

இனி, போகி வரும் காலத்தையும் நோக்குங்கள். தை பிறக்கும் முன் விடியலில் நிலம் குளிர்ந்திருக்கும். அதனை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்திருக்கும். அதற்கு மேலுள்ள காற்று சற்று வெதுவெதுப்பாய் ஒரு மூடிபோல் கவிந்திருக்கும். காற்று வீசுவதும் குறைவு. சித்திரை நண்பகலில் எரித்தால் மேலே சென்று கலையும் புகை, அவ்வேளையில் மூடியிட்ட பானைக்குள் சிக்கிய ஆவிபோல நம் தலைமட்டத்திலேயே நிற்கின்றது. பனியுடன் கலந்து மேலும் தடிக்கின்றது. 2018-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள், போகியன்று, சென்னை நகரை மூடிய புகைப்பனியில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் பல தாமதமாயின. சில வேற்றூர்களுக்குத் திருப்பப்பட்டன. வானூர்தி திரும்பிச் செல்ல வேறோர் ஊர் உண்டு. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு வேறொரு காற்று உண்டோ? தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் போகிக்கு முன் டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்த வேண்டாவென்று வேண்டிக்கொள்கின்றது. அவ்வேண்டுகோளைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, அத்தாளையே தீ மூட்டப் பயன்படுத்துவோரும் நம்மில் உளர்.

அன்பர்களே! இதுகாறும் கூறியவை நூலறிவு. இனிக் கூறுவது நம் வீட்டுச் செய்தி.

சென்ற பொங்கல் விடுமுறை கழிந்து பள்ளி திறந்தபோது, எம் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் வரவில்லை. செய்யுளை ஒருமுறை கேட்டால் மறுமுறை ஒப்பிக்கும் மாணவன் அவன். நான்காம் நாள் வந்தான். மனப்பாடச் செய்யுளை ஒப்பிக்கச் சொன்னோம். இரண்டு அடி சொல்வான். நிறுத்தி மூச்சு வாங்குவான். மீண்டும் ஓரடி சொல்வான். மறதியன்று, மூச்சே அவனுக்குப் போதவில்லை. "உட்கார், தம்பி" என்றோம். மாலையில் அவன் இல்லஞ் சென்றோம். அவனுக்குச் சிறு வயது முதலே வீசிங் தொல்லை உண்டென்றும், போகியன்று விடியலில் இழுப்புக் கண்டு மருத்துவமனையில் இரண்டு இரவு வைத்திருந்தனர் என்றும் அன்னையார் கூறினார். அவன் தந்தையார் நம் சங்கத்து உறுப்பினர்; இரண்டு லாரிகள் வைத்துத் தொழில் செய்பவர். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "புலவரையா, எங்கள் தெருவில் எரிந்த டயர் என் ஷெட்டிலிருந்து போனதுதான். பிள்ளைகள் வந்து கேட்டார்கள். நானே எடுத்து உருட்டிவிட்டேன்" என்றார்.

அவர் இசைவு பெற்றே இதனை இங்குக் கூறுகின்றோம். அவர் இவ்வவையிலும் அமர்ந்திருக்கின்றார். அவரைக் குறை கூற எமக்குத் தகுதியில்லை. ஏனெனில் யாமும் சிறுவராய் இருந்தபோது மாமன் பட்டறைக்குச் சென்று, "மாமா, ஒரு டயர் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி, தெருவெல்லாம் உருட்டி விளையாடி, போகியன்று அதனையே கொளுத்தி, கொட்டடித்து மகிழ்ந்தவர்தாம். கொடுத்த மாமனும் அன்பினால் கொடுத்தார். வாங்கிய யாமும் மகிழ்ச்சியினால் வாங்கினோம். ஒருவர் மனத்திலும் தீங்கு இல்லை. அக்கம்பக்கத்தில் யாருக்கு மூச்சு முட்டிற்று என்பதை அன்று யாம் கேட்டதில்லை.

ஆதலால் யாம் இன்று சொல்ல வந்த கருத்து ஒன்றே. போகித் தீயில் டயரை இடுபவன் சிறுவன். ஆனால் அவன் கைக்கு அதைக் கொடுப்பவர் பெரியவர். பத்து வயதுப் பிள்ளை டயரைக் கடையில் விலைக்கு வாங்குவதில்லை. நம் நகரில் அது நம் லாரி ஷெட்டிலிருந்தும், நம் பஞ்சர் கடையிலிருந்தும், நம் வீட்டுக் கொல்லையிலிருந்தும் போகின்றது. லாரித் தொழிலும் டயர்த் தொழிலும் நம் குலத்தாரில் பலருக்குச் சோறிடும் தொழில்கள். பெருமைக்குரிய அத்தொழிலின் கழிவுக்கும் நாமே பொறுப்பாளர். பிள்ளைகளைத் தெருவில் அதட்டுவதனால் பயனில்லை; கொடுப்பது நின்றால் எரிவதும் நிற்கும்.

இதற்கு எழும் தடைகள் சிலவற்றுக்கு விடை கூறுவோம்.

"ஆண்டில் ஒரு நாள்தானே?" என்பர். நோயுடையவனுக்கு ஒரு வேளையே போதும் என்பதை மேலே கண்டோம். மேலும் அது ஒரு நாளன்று. மார்கழிக் குளிரில் லாரி நிற்கும் இடங்களில் குளிர்காய டயர்த்துண்டு எரிகின்றது. உள்ளிருக்கும் கம்பியை எடைக்குப் போடும்பொருட்டு ஊர்ப்புறத்தில் டயர் எரிகின்றது. மற்றொன்றும் கூறுவோம், பொறுத்தருள்க. கோரிக்கைகளை முன்னிட்டுச் சாலை மறிக்கும் இயக்கங்களில் டயரைக் கொளுத்தி நடுச்சாலையில் இடுதல் ஒரு வழக்கமாகிவிட்டது. எந்தக் கட்சியும், எந்தச் சாதிச் சங்கமும் இதற்கு விலக்கன்று. நம் இளைஞர்களும் விலக்கல்லர். உரிமை கேட்பதை யாம் குறைகூறவில்லை. யாரிடம் உரிமை கேட்கின்றோமோ அவர் அப்புகை எட்டாத அறையில் இருக்கின்றார். அதனை உண்பவரோ அருகிலுள்ள குடிசையில் வாழ்பவரும், கொளுத்திய நம் பிள்ளைகளும், காவலுக்கு நிற்கும் காவலரும் ஆவர்.

"எரிக்காமல் போட்டு வைத்தால் கொசு பெருகுமே?" என்பர். இது நேர்மையான வினா. திறந்த வெளியிற் கிடக்கும் டயரின் வளைவில் மழைநீர் தேங்கும். டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அத்தகைய சிறுநீர்த்தேக்கத்தையே நாடி முட்டையிடும். அம்முட்டை நீர் வற்றினும் பல மாதம் அழியாதிருந்து அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே டயரைக் கொல்லையில் போட்டு வைத்தலும் தீர்வன்று. கூரைக்கடியில் நனையாமல் அடுக்கி வைத்து, காலந்தாழ்த்தாமல் உரியவரிடம் சேர்ப்பித்தலே தீர்வு.

"யார் வாங்குவர்? என்ன பயன்?" என்பர். உட்கட்டு உறுதியாயிருந்து பட்டன் மட்டும் தேய்ந்த லாரி டயருக்கு ரீட்ரேடிங் செய்து மறுபிறவி அளிக்கலாம் என்பதை எம்மினும் நீங்களே நன்கறிவீர்கள். அதற்கும் உதவாதவற்றை அரைத்துத் தூளாக்கித் தாருடன் கலந்து சாலை போடுகின்றனர். பாயும் தரைவிரிப்பும் செய்கின்றனர். 2022-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், டயர் உற்பத்தி செய்வோரும் இறக்குமதி செய்வோரும் பழைய டயரின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டுமென்று கட்டளையிட்டன. எனவே பழைய டயருக்கு இன்று ஒரு முறையான சந்தை உண்டு. ஆயினும் ஓர் எச்சரிக்கை: எடைக்கு வாங்குவோர் எல்லாரும் ஒரு தன்மையர் அல்லர். முறையின்றி டயரைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் உலைகளுக்கு விற்றால், நம் தெருப்புகையை மற்றோர் ஊருக்கு அனுப்பியவர்களாவோம். வாரியத்தின் இசைவு பெற்ற மறுசுழற்சியாளரா என்று கேட்டறிந்து, இரசீது பெற்றே கொடுத்தல் வேண்டும்.

சட்டத்தையும் சிறிது நினைவூட்டுவோம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் திறந்த வெளியில் குப்பை எரிப்பதைத் தடை செய்து, எளிய நிகழ்வுக்கு 5,000 ரூபாயும் பெருமளவில் எரிப்போர்க்கு 25,000 ரூபாயும் ஈடு விதித்தது. ஆயினும் தண்டத்துக்கு அஞ்சித் திருந்துவதினும் தம் மக்களை எண்ணித் திருந்துவதே நம் குலத்துக்கு அழகு.

ஆகவே இவ்வவையின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது: லாரி உடையோரும் பஞ்சர் கடை நடத்துவோரும், போகியின்பொருட்டு வரும் எவர்க்கும், தம் வீட்டுப் பிள்ளையாயினும், டயர் கொடுப்பதில்லை என்று இன்றே உறுதி கொள்வார்களாக.

இரண்டாவது: நம் சங்கக் கட்டிடத்தின் பின்புறத்துக் கூரைக்கொட்டகையை ஆண்டு முழுவதும் பழைய டயர் சேர்க்கும் இடமாக்குதல் வேண்டும். ஒரு டயரை விற்கப் போனால் வண்டிக்கூலியே மிஞ்சும். ஒரு லாரி நிறையச் சேர்த்து விற்றால் தொகை கிடைக்கும். அத்தொகை நம் ஏழை மாணவர் நோட்டுப் புத்தக நிதிக்குச் சேர்வதாகுக.

மூன்றாவது: நம் சங்கத்தின் பெயரால் நடைபெறும் எந்த இயக்கத்திலும் டயர் கொளுத்தலாகாது என்று தீர்மானம் நிறைவேற்றுதல் வேண்டும்.

நான்காவது: தாய்மார்களுக்கு. போகியன்று கழிக்க வேண்டியவற்றை வகை பிரித்து வையுங்கள். நல்ல துணி, உடுக்க இல்லாதார்க்கு உதவும். தாளும் இரும்பும் பிளாஸ்டிக்கும் காயலான் கடைக்குச் செல்லும். சடங்குக்குத் தீ வேண்டுமென்று முதியோர் விரும்பின், வாசலில் ஒரு பிடி வைக்கோலும் இரண்டு ஓலையும் போதும். பிள்ளைகளின் கொட்டு முழங்கட்டும். அதற்குப் புகை தேவையில்லை.

காற்றைத் தன் வயிற்றில் அடக்கிப் பல்லாண்டு நம் சுமையைச் சுமந்த பொருள் டயர். உழைத்துத் தேய்ந்த பின் அதனைக் கொண்டே நாம் மூச்சுவிடும் காற்றைக் கெடுத்தல் நன்றியும் அன்று, அறிவும் அன்று.

அம்மாணவன் இவ்வாண்டு எட்டாம் வகுப்பிற் படிக்கின்றான். இன்று இக்கூட்டத்தின் தொடக்கத்தில் கடவுள் வாழ்த்துப் பாடியவன் அவனே. இடையில் நில்லாமல் இறுதி வரை அவன் பாடியதை நீங்கள் அனைவரும் கேட்டீர்கள். தை முதல் நாளில் அவன் தெருக்கோயிலில் நின்று அவ்வாறே பாடும்படி விடுதலும், பாட இயலாமற் செய்தலும் நம் கையில் உள்ளன. வரும் போகிக்கு முந்திய மாலையில் பிள்ளைகள் வந்து கேட்பார்கள். அப்போது, "டயர் இல்லை, கண்ணா, கொட்டடித்து விளையாடு" என்று கூறி, ஒரு கரும்புத் துண்டைக் கையிற் கொடுத்தனுப்புங்கள். பிள்ளை வருந்தான்.



வாழ்க நம் மக்கள்! வளர்க நம் சங்கம்!